அப்பாவுக்கு சிஇஏ 6.8: ரத்தத்தில் ஒரு புரதத்தை அளந்து புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க முடியுமா?

கதிர்வேல்_ஈரோடு (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு இரவு 10.15

வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு. விசைத்தறி ஓட்டிட்டு இருந்தார், இப்போ வீட்டோட இருக்கார். சர்க்கரை, கொழுப்பு பார்க்கலாம்னு ஒரு லேப்ல 'முழு உடல் பரிசோதனை'க்குக் கூட்டிட்டுப் போனேன். கொஞ்சம் சேர்த்துக் கட்டினா 'கேன்சர் மார்க்கர்' நாலும் பார்த்துடலாம்னாங்க. சரின்னுட்டேன்.

மூணு நார்மல். சிஇஏ மட்டும் 6.8. பக்கத்துல '5க்குள்' என்று போட்டு, 6.8ஐத் தடித்த எழுத்துல அடிச்சிருக்காங்க. ராத்திரி 9 மணிக்கு வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வந்தது, ஒரு வரி விளக்கம் கூட இல்லை. அப்பாவுக்கு வலி இல்லை, எடை குறையலை, நல்லா சாப்பிடறார். ஆனா 40 வருஷமா பீடி. கூகுள்ல தேடினா குடல் புற்றுநோய்னு வருது. அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.

இது என்ன சோதனை? ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சுட்டோம்னு எடுத்துக்கலாமா?

தேன்மொழி_லேப், ஞாயிறு இரவு 10.50

கதிர் தம்பி, முதல்ல தண்ணி குடிங்க. நான் 17 வருஷமா லேப்ல இருக்கேன். பீடி, சிகரெட் குடிக்கிறவங்களுக்கு சிஇஏ கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும். அந்த '5க்குள்' என்கிறதையே புகை பிடிக்கிறவங்களுக்கு ஒண்ணு, பிடிக்காதவங்களுக்கு ஒண்ணுன்னு ரெண்டா எழுதுற லேப் உண்டு. கல்லீரல் கோளாறு, குடல்ல அழற்சி, நெஞ்சுச் சளித் தொற்று எது இருந்தாலும் ஏறும். இன்னொரு பக்கம், குடல் கேன்சர் ஆரம்பத்துல இருக்கிற பல பேருக்கு இது நார்மலாவே காட்டும். அதனால 6.8ஐ வச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது, மத்த மூணு நார்மல் என்கிறதை வச்சு இல்லைன்னும் சொல்ல முடியாது.

ஒரு விஷயம் குறிச்சுக்கோங்க. திரும்பப் பார்க்கச் சொன்னா அதே லேப்ல, அதே மெஷின்லயே பாருங்க. ஒவ்வொரு கம்பெனி கிட்லயும் அந்தப் புரதத்தைப் பிடிக்கிற ஆன்டிபாடி வேற. ஒண்ணுல 6.8 வந்த அதே ரத்தம் இன்னொண்ணுல அஞ்சேகாலோ எட்டோ காட்டலாம். இது தெரியாம ஊருக்கு ஊர் டெஸ்ட் எடுத்துட்டு 'ஏறுது, இறங்குது'ன்னு அழுதுட்டு வர்றவங்களைப் பார்த்திருக்கேன். முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டாலும் சில மெஷின்ல ரிசல்ட் மாறும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இளவேனில்_உயிர்வேதியியல், திங்கள் காலை 6.30

தேன்மொழி சொன்னது முழுக்கச் சரி. இந்த மூலக்கூறு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும் என்று நினைக்கிறேன், கதிர்.

1965. மான்ட்ரியாலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் ஒரே நோயாளியின் குடலிலிருந்து கட்டித் திசுவையும், சற்றுத் தள்ளி நல்ல திசுவையும் எடுத்து ஒப்பிட்டார்கள். கட்டியில் ஒரு பொருள் இருந்தது, நல்ல திசுவில் தென்படவில்லை. அதே பொருள் கருவில் இருக்கும் சிசுவின் குடலிலும் இருந்தது. வளர்ந்தபின் அடங்கிப்போகும் ஒன்றைப் புற்று மறுபடி எழுப்புகிறது என்று கருதி, கருவையும் புற்றையும் சேர்த்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு சொட்டு ரத்தத்தில் குடல் புற்றைப் பிடித்துவிடலாம் என்று உலகமே நம்பிய காலம் அது.

பிறகு கருவிகள் கூர்மையானதும் தெரிந்தது, நல்ல குடலும் இதைச் சிறிதளவு சுரந்துகொண்டேதான் இருக்கிறது. புகை பிடித்தால் கூடுகிறது. ஆக, 'இருக்கிறதா இல்லையா' என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. ஆனால் குடல் புற்றுக்கு அறுவை செய்துகொண்டவருக்கு இதே சோதனை ஒரு காவல்காரன். அறுவைக்குப் பின் எண் இறங்கும். சில மாதங்கள் கழித்து மெல்ல ஏறத் தொடங்கினால், ஸ்கேனில் தெரியும் முன்பே எங்கோ திரும்பியிருக்கிறது என்ற தகவல் கிடைக்கும். ஒருவரைப் பின்தொடர்ந்து போகப் பயன்படுவது வேறு, கூட்டத்தில் ஒருவரைத் தேடிப் பிடிப்பது வேறு. லேப் பேக்கேஜ்கள் முதல் வேலைக்கான கருவியை இரண்டாம் வேலைக்கு விற்கின்றன. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

ஒரு கற்பனைக் கணக்கு. அறிகுறி இல்லாத 10,000 பேர்; அவர்களில் 30 பேருக்கு நோய். சோதனை 20 பேரைப் பிடிக்கிறது. நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு மட்டும் தவறாக ஏறிக் காட்டுகிறது. கேட்க நல்ல சோதனை போலத்தான் இருக்கும். ஆனால் அந்த 5 சதவீதம் ஏறக்குறைய 500 பேர். ஆக 520 வீடுகளில் ராத்திரி 9 மணிக்குத் தடித்த எழுத்து வருகிறது, 20 வீட்டில்தான் உண்மையான நோய். விடுபட்ட 10 பேர் 'நார்மல்' என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

அப்பாவை ஒரு குடல்-இரைப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த எண்ணைக் காட்டுவதோடு, அவர் வயதில் குடலுக்கு என்ன பரிசோதனை தேவையோ அதையும் கேளுங்கள்.

சிங்கை_செல்வம், திங்கள் பகல் 1.05

மேடம், மதிப்போடு மாறுபடுகிறேன். என் அக்காவுக்குக் கணையத்தில் வந்தது. மஞ்சள் காமாலை என்று போனோம், நாலாவது கட்டம் என்றார்கள். ஐந்து மாதம். ஆறு மாதம் முன்னால் ஒரு குழாய் ரத்தத்தில் தெரிந்திருந்தால், 500 பேர் வீண் பயம் பட்டாலும் பரவாயில்லை என்றுதான் நான் சொல்வேன். இப்போது அமெரிக்காவில் ஒரே ரத்த மாதிரியில் ஐம்பது வகைப் புற்றைத் தேடும் டிஎன்ஏ சோதனையே விற்பனைக்கு வந்துவிட்டது. பழைய மார்க்கரைக் காட்டிப் புதியதையும் ஒதுக்கிவிடக் கூடாது.

இளவேனில்_உயிர்வேதியியல், திங்கள் இரவு 9.20

செல்வம், உங்கள் அக்காவுக்காக வருந்துகிறேன். கணையப் புற்று எங்கள் துறையின் ஆறாத காயம். அதற்கான மார்க்கர் சிஏ 19-9, ஒரு சர்க்கரை அமைப்பு; பித்தக்குழாய் கல்லால் அடைத்தாலும் ஏறும். சிலரது உடலில் அந்தச் சர்க்கரை அமைப்பைச் செய்யும் நொதியே இல்லாததால், புற்று முற்றினாலும் ஏறாது.

டிஎன்ஏ சோதனையை நான் ஒதுக்கவில்லை. என் வேலையே அதை ஒட்டியதுதான். செல்கள் இறக்கும்போது அவற்றின் டிஎன்ஏ துண்டு துண்டாக ரத்தத்தில் கலக்கிறது. இதை 1948லேயே பிரான்சில் மான்டெலும் மெட்டேயும் பார்த்துவிட்டார்கள். துண்டுகள் பெரும்பாலும் 166 எழுத்து நீளம், ஏனென்றால் நூல்கண்டு போல் டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதத்தின் அளவு அது. கண்டுக்கும் கண்டுக்கும் இடையே வெட்டு விழுகிறது. துண்டின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகளைப் படித்தால், அது கல்லீரலிலிருந்து வந்ததா, நுரையீரலிலிருந்தா, புற்றிலிருந்தா என்று ஊகிக்கலாம். ஐம்பது வகைச் சோதனையின் அடிப்படை இதுதான். அழகான அறிவியல்.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 10 மில்லி ரத்தத்தில் கிடைக்கும் டிஎன்ஏ, மனித மரபணுத் தொகுதியின் சில ஆயிரம் பிரதிகளுக்குத்தான் வரும். மிளகு அளவுக் கட்டியின் பங்கு அதில் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இருக்கலாம். அப்படியானால் தேடும் துண்டு அந்தக் குழாய்க்குள் வந்தே இருக்காது. எவ்வளவு கூர்மையான இயந்திரமானாலும் இல்லாததைப் படிக்க முடியாது. குழாயைச் சில மணி நேரத்தில் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பிரிக்காமல் விட்டால் வெள்ளையணுக்கள் உடைந்து தங்கள் டிஎன்ஏவைக் கொட்டும், இருந்த துளியும் மூழ்கிவிடும். இதற்கென்றே அணுக்களை உடையாமல் காக்கும் தனிக் குழாய்கள் வைத்திருக்கிறோம். மதுரையில் எடுத்த மாதிரி வெயிலில் பேருந்தில் வந்து சேர்ந்து, மாதக்கணக்கான வேலை வீணான நாள் எனக்கு நினைவிருக்கிறது.

நீங்கள் சொன்ன சோதனையை அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 6,621 பேரிடம் செய்துபார்த்த ஆய்வு 2023ல் வந்தது. 92 பேருக்குப் 'புற்று இருக்கலாம்' என்றது. 35 பேருக்கு இருந்தது, 57 பேருக்கு இல்லை. பழைய மார்க்கர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் கண்டுபிடித்ததால் சாவு குறைந்ததா என்ற கேள்விக்கு அந்த ஆய்வு பதில் சொல்லாது.

அந்தக் கேள்வியை நான் விடாமல் கேட்பதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு ஆண்டுதோறும் சிஏ 125 என்ற ரத்த மார்க்கரைப் பார்த்தார்கள். சூலகப் புற்றை முந்தைய கட்டத்திலேயே கூடுதலாகப் பிடித்தார்கள். 2021ல் இறுதிக் கணக்கு வந்தபோது இறப்பு குறையவில்லை.

ஜப்பான் கதை இன்னும் வலிக்கும். நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்று, அட்ரினலின் வகைப் பொருள்களைச் சுரக்கும். அவை சிதைந்து வரும் விஎம்ஏ என்ற பொருள் சிறுநீரில் தெரியும். 1980களின் நடுவிலிருந்து ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரை நாடு முழுக்கச் சோதித்தார்கள். வேதியியலாக அது அருமையான சோதனை, நிறையக் கட்டிகளைக் கண்டுபிடித்தது. 2002ல் கியூபெக்கிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆய்வுகள் வந்தன: இப்படித் தேடியதால் இறப்பு குறையவில்லை. அந்த வயதில் கண்டுபிடித்தவற்றில் பல தானாகவே கரையக்கூடியவை. உயிரைக் குடிக்கும் வகையோ பிறகு வேகமாக முளைப்பது. கரையவிருந்த கட்டிக்காகக் கைக்குழந்தைகளுக்கு அறுவையும் கீமோவும் நடந்திருக்கிறது. ஜப்பான் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது.

மீனா_தஞ்சை, செவ்வாய் காலை 11.40

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதினதில்லை. இன்னிக்கு எழுதணும்னு தோணுது. ரத்தத்துல ஒரு எண்ணைப் பார்த்தே என் உயிரைக் காப்பாத்தினாங்க.

எனக்கு முதல் கர்ப்பம் முத்துப்பிள்ளைக் கர்ப்பம். மூணாம் மாசம் ஸ்கேன்ல குழந்தை இல்லை, திராட்சைக் குலை மாதிரி இருக்குன்னாங்க. சுத்தம் பண்ணின பிறகு டாக்டரம்மா சொன்னது ஒண்ணே ஒண்ணு: 'வாரா வாரம் ஹெச்சிஜி பார்க்கணும், ஒரு வாரம் கூட விடக்கூடாது.' கர்ப்பத்துல ரத்தத்துல ஏறுற ஹார்மோன் அது. ஒரு நாற்பது பக்க நோட்டுல தேதி, எண், தேதி, எண்ணு எழுதிட்டே வந்தேன். அஞ்சு வாரம் இறங்கிச்சு. ஆறாவது வாரம் அப்படியே நின்னுது. ஏழாவது ஏறிச்சு. எனக்கு உடம்புல ஒண்ணுமே தெரியலை, அப்போ பொங்கல் வேலை பார்த்துட்டு இருந்தேன். மெதோட்ரெக்சேட்னு புற்றுக்கான ஊசி ஆரம்பிச்சாங்க. எண் இறங்கி நார்மலுக்கு வந்த பிறகும் இன்னும் சில ஊசி போட்டுட்டுத்தான் விட்டாங்க. ஒரு வருஷம் கர்ப்பம் வேண்டாம்னாங்க, பொறுத்துக்கிட்டோம். இப்போ பையன் மூணாவது படிக்கிறான். அந்த நோட்டை இன்னும் பீரோவுல வச்சிருக்கேன்.

ராமானுஜம்_ஓய்வுபெற்ற_ஆசிரியர், செவ்வாய் மாலை 5.15

அம்மா மீனா, நார்மலுக்கு வந்த பிறகும் சில ஊசி போட்டார்கள் என்றீர்களே, அதற்குப் பின்னால் ஒரு மனிதர் வேலை இழந்திருக்கிறார்.

மின் சியூ லீ என்பது அவர் பெயர். 1956 வாக்கில் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இருந்தார். உங்கள் நோய் முற்றினால் வரும் கோரியோகார்சினோமா என்ற புற்றுக்கு மெதோட்ரெக்சேட் கொடுத்தார், கட்டிகள் மறைந்தன. ஆனால் ஹெச்சிஜி கொஞ்சம் மீதி இருந்தது. அந்த எண் முழுதாக அடங்கும் வரை மருந்தை நிறுத்த மாட்டேன் என்றார். கண்ணுக்குக் கட்டி தெரியாதபோது இவ்வளவு நஞ்சைச் செலுத்துவதா என்று மேலிடம் அவரை வெளியேற்றியது. காலம் அவர் பக்கம் நின்றது. மருந்து முன்கூட்டி நிறுத்தப்பட்டவர்களுக்கு நோய் திரும்பியது, அவர் சிகிச்சை முடித்தவர்கள் பிழைத்தார்கள். 1972ல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது வந்தது.

அந்த மருந்து உருவான லெடர்லே ஆய்வகத்தின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மெதோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் உள்ள ஒரு மூலக்கூறு. செல் ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும், டிஎன்ஏ கட்டத் தேவையான பொருள் கிடைக்காமல் நின்றுபோகும். 35 வருடம் வேதியியல் எடுத்திருக்கிறேன், பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இல்லாத வருடங்களிலும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் நகர்வேன்.

அருண்_கோவை, செவ்வாய் இரவு 8.00

எனக்கு சிஎம்எல், ஒரு வகை ரத்தப் புற்று, 2014லிருந்து. தினம் ஒரு இமாட்டினிப் மாத்திரை, மூணு மாசத்துக்கு ஒரு முறை ரத்தத்துல மரபணு டெஸ்ட், அதுல இந்தப் புற்றோட அடையாளமான பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) அளவு. மீனா அக்கா நோட்டு மாதிரி என்கிட்டயும் ஒரு எக்செல் ஷீட் இருக்கு. பிராண்டட் மருந்து மாசம் லட்சத்துக்கு மேல இருந்தது, நம்ம ஊர் கம்பெனி மருந்து பத்தாயிரத்துக்குள்ள. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த பிராண்டட் மருந்துக்குக் காப்புரிமையை மறுக்காம இருந்திருந்தா நான் எப்பவோ போயிருப்பேன்.

சிங்கை_செல்வம், செவ்வாய் இரவு 10.30

எல்லாவற்றையும் படித்தேன். மீனாவுக்கும் அருணுக்கும் நடந்தது நோய் தெரிந்த பிறகு நடந்த கண்காணிப்பு. என் கேள்வி அப்படியே நிற்கிறது. நல்லபடி இருப்பவரிடம் ரத்தத்தில் தேடி, சரியாகப் பிடித்த புற்று ஒன்றாவது உண்டா?

இளவேனில்_உயிர்வேதியியல், புதன் காலை 6.10

உண்டு. ஹாங்காங்கில் மூக்குக்குப் பின்னால் தொண்டையில் வரும் புற்று. தெற்குச் சீன ஆண்களிடம் அதிகம், பெரும்பாலும் எப்ஸ்டீன்-பார் வைரஸோடு பிணைந்தது. புற்றுச் செல் இறந்தால் வைரஸின் டிஎன்ஏவும் ரத்தத்தில் வரும். டென்னிஸ் லோவின் குழு (தாயின் ரத்தத்தில் சிசுவின் டிஎன்ஏவை 1997ல் காட்டியவர் அவர்தான்) 40 முதல் 62 வயது வரை, அறிகுறி எதுவும் இல்லாத 20,174 ஆண்களைச் சோதித்தது. முதல் தடவை 1,112 பேருக்கு பாசிட்டிவ். நான்கு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோதும் மாறாமல் இருந்தவர்கள் 309 பேர். அவர்களுக்கு மட்டும் மூக்குவழி உள்நோக்கிச் சோதனையும் எம்ஆர்ஐயும். 34 பேருக்குப் புற்று. அவர்களில் 71 சதவீதம் பேர் முதலிரண்டு கட்டத்தில் இருந்தார்கள். சோதனை இல்லாத காலத்தில் அது 20 சதவீதமாக இருந்தது. அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் கதிர்வீச்சே போதும்.

ஏன் அங்கே பலித்தது? வைரஸின் டிஎன்ஏ மனித டிஎன்ஏ இல்லை, குழப்பம் குறைவு. ஒரு செல்லில் பல பிரதிகள் இருப்பதால் துளிக் கட்டியும் தெரிகிறது. எங்கே தேட வேண்டும் என்று தெரியும். அந்த ஊரில் நோய் அதிகம். பிடித்தால் குணமாக்க வழியும் உண்டு. இத்தனையும் ஒன்றாகக் கூடி வருவது அபூர்வம். கணையத்தில் இவற்றில் எதுவுமே இன்னும் கூடி வரவில்லை, செல்வம். அதற்காகத்தான் தினமும் ஆய்வகத்துக்குப் போகிறேன்.

பாக்கியம்_செவிலியர், புதன் மதியம் 2.45

நான் திண்டுக்கல் பக்கம் கிராம சுகாதார செவிலியர். பெரிய மெஷின் பத்திப் பேசுறீங்க, எங்க ஊர் விஷயத்தையும் சொல்றேன். கருப்பை வாய்ப் புற்றுக்கு எங்க மாவட்டத்துல 2000லிருந்து 2003 வரைக்கும் 30லிருந்து 59 வயசு வரை 49,311 பெண்களைச் சோதனைக்குக் கூப்பிட்ட ஆய்வு நடந்தது. மூணு நாலு சதவீத அசிட்டிக் அமிலம், கிட்டத்தட்ட சமையல் வினிகர்தான், பஞ்சுல தொட்டு கருப்பை வாயில வச்சு ஒரு நிமிஷம் காத்திருக்கணும். கெட்டுப்போன செல்லுல புரதம் அதிகம், அது உறைஞ்சு அந்த இடம் மட்டும் தயிர்ப்படை மாதிரி வெளுக்கும். செவிலியரே பார்க்கலாம், அன்னிக்கே உறைய வச்சு வைத்தியமும் பண்ணலாம். 2007ல வந்த முடிவுல புற்று வர்றது 25 சதவீதம், சாவு 35 சதவீதம் குறைஞ்சிருந்தது. மகாராஷ்டிராவுல உஸ்மானாபாத்ல, இந்தப் புற்றை உண்டாக்குற ஹெச்பிவி வைரஸைத் தேடுற டிஎன்ஏ டெஸ்ட் ஒரே ஒரு தடவை பண்ணினதுக்கே சாவு பாதியா குறைஞ்சது.

மாதவிடாய் நின்னவங்களுக்கு வினிகர் முறையில அந்த இடம் உள்ளே போயிடும், சரியா தெரியாது. அவங்களுக்கு ஹெச்பிவி டெஸ்ட்தான் நல்லது. வீடு வீடா போய்க் கூப்பிட்டாலும் 'எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்'னு சொல்லி வர மாட்டாங்க. அதுதான் எங்க பாடு.

கதிர்வேல்_ஈரோடு, ஐந்து வாரங்கள் கழித்து, சனி இரவு 9.00

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்றேன். டாக்டர் சிஇஏவை அதே லேப்ல திரும்பப் பார்க்கச் சொன்னார், 6.5. 'பீடியோட எண் இது'ன்னார். ஆனா இந்த வயசுக்கு மலத்துல ரத்தம் பார்க்கிற எஃப்ஐடி பண்ணிடலாம்னு எழுதினார். பாசிட்டிவ். கொலோனோஸ்கோபி பண்ணினாங்க. குடல் சுவர்ல 8 மில்லிமீட்டர்ல ஒரு பாலிப், சின்ன சதை வளர்ச்சி, அப்பவே எடுத்துட்டாங்க. பயாப்சியில புற்று இல்லை, விட்டிருந்தா பிற்காலத்துல மாறக்கூடிய வகைன்னாங்க.

சிங்கை_செல்வம், சனி இரவு 9.30

கதிர், மனசு நிறைந்தது. மேடம், இப்போது சொல்லுங்கள், அந்த 6.8தானே காப்பாற்றியது?

தேன்மொழி_லேப், சனி இரவு 10.05

செல்வம் அண்ணா, எஃப்ஐடிதான் காப்பாத்திச்சு. பென்சில் மாதிரி ஒரு குச்சி, நுனியில வரி வரியா பள்ளம். நாலஞ்சு இடத்துல குத்தி, திரவம் இருக்கிற குப்பியில போட்டு மூடினா முடிஞ்சது. மனுஷ ஹீமோகுளோபின்ல இருக்கிற குளோபினை மட்டும் ஆன்டிபாடி பிடிக்கும். பழைய டெஸ்ட்ல முந்தின நாள் ஆட்டுக்கறி, முள்ளங்கி சாப்பிட்டா கூட பாசிட்டிவ் ஆகும், இதுல அந்தத் தொல்லை இல்லை. வயித்துல கசியற ரத்தத்தோட குளோபின் வர்ற வழியிலேயே செரிச்சுடும், அதனால பாசிட்டிவ்னா பெரும்பாலும் பெருங்குடல்தான்.

இளவேனில்_உயிர்வேதியியல், ஞாயிறு காலை 7.00

8 மில்லிமீட்டர் பாலிப் சிஇஏவை ஏற்றாது, செல்வம். அதை எடுத்த பிறகும் எண் அங்கேயேதான் நிற்கும், பீடியை விட்டால்தான் இறங்கும். ஆனால் அந்த 6.8 வரவில்லையென்றால் கதிர் அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போயிருக்க மாட்டார், அதையும் நான் மறைக்க முடியாது. நேற்று இரவு இதை நெடுநேரம் யோசித்தேன். பேக்கேஜ் விற்றவர்கள் அதே பணத்துக்கு அந்தக் குச்சியைக் கொடுத்திருந்தால் ஐந்து வாரப் பயம் இல்லாமலே இதே பாலிப் கிடைத்திருக்கும்.

கதிர்வேல்_ஈரோடு, ஞாயிறு மாலை 6.20

அப்பா பீடிக் கட்டைப் பரண்ல போட்டு இன்னியோட ஒன்பது நாள்.

பாக்கியம் அக்கா, இத்தனை வாரம் அப்பாவைப் பத்தியே பேசிட்டு இருந்தோம். அம்மாவுக்கு 54 வயசு. இதுவரைக்கும் ஒரு தடவை கூட எந்தப் பரிசோதனையும் பண்ணினதில்லைன்னு நேத்துக் கேட்டப்போதான் தெரிஞ்சது. நீங்க சொன்ன மாதிரி ஹெச்பிவி டெஸ்ட்டுக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கேன். 'எனக்கெதுக்குடா'ன்னாங்க. அப்பாதான், 'நான் வண்டியில கூட்டிட்டுப் போறேன், கிளம்பு'ன்னார்.